மூச்சு வாங்கும் எந்திரம்

தண்டியில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கலக்கின்றன. பாரலாச்சா கணவாயின் இரு சரிவுகளில் பிறந்து, ஆளுக்கொரு பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து இங்கே சேர்ந்து, கீழே போகப் போகச் செனாப் என்று பெயர் மாறுகின்றன. ஆனால் மணாலியிலிருந்து லே போகிறவர்களுக்கு இந்த ஊர் நினைவில் நிற்பது ஆற்றைவிடப் பெட்ரோல் பங்கால்தான். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் அதன் பலகை அவ்வளவு பிரசித்தம். புல்லட்டில் வருகிறவர்கள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே டேங்க்கை நிரப்பியிருப்பார்கள்.

கோவைப் பதிவெண் கொண்ட ஒரு டீசல் ஜீப் அந்த வரிசையில் நின்றது. அதில் நான்கு பேர்: மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் மனைவி, கோவையின் கணபதிப் பகுதியில் பம்ப் பட்டறை நடத்தும், பொறியாளரின் அண்ணன் மகன், அந்த இளைஞரின் புகைப்படக்கார நண்பர். வண்டிக்கு டீசல் போட்ட பிறகு, பின்கதவைத் திறந்து பத்து லிட்டர் இரும்பு கேன் ஒன்றை இறக்கினார்கள். அது ஜெனரேட்டருக்கு.

“வாய் வரைக்கும் ஊத்தாதப்பா. எட்டு, எட்டரையில நிறுத்து. மேல போனா கேன் ஊதிக்கும்” என்றார் பொறியாளர்.

“சரிங்க சித்தப்பா.”

உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அடைத்த கேனுக்குள் பெட்ரோல் ஆவி வெளிப்பக்கமாகத் தள்ளும். 4,000 மீட்டரில் மூடியைச் சட்டென்று திறந்தால் முகத்தில் பீய்ச்சும். அதனால் கேனில் கொஞ்சம் காலியிடம் விட வேண்டும். திறக்கும்போதும் மூடியை அரைத் திருகு திருகி, ஆவி சீறி அடங்கிய பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். இந்தப் பாதையில் தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோலை அடைத்துப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். தவிர்க்க வேண்டிய ஆபத்து அது. விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இடம் கொடுக்கிறது. கொண்டுபோகிற கலம் அதற்கேற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

விமானத்தில் லேக்குப் போய் இறங்கியிருக்கலாமே என்று கேட்டால், அதற்கும் காரணம் இந்த ஜெனரேட்டர்தான். ஒரு தடவை பெட்ரோல் ஊற்றி ஓட்டிய எந்திரத்தைப் பயணிகள் பெட்டியோடு பெட்டியாக விமானத்தில் ஏற்ற முடியாது. டேங்க்கைக் காயவைத்தாலும் ஆவி தங்கியிருக்கும். பெரிய பேட்டரிப் பெட்டிக்கும் அதே கதி: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி கையில் கொண்டுபோக முடியாது. ஆக, கூடாரத்துக்கு மின்சாரம் கொண்டுபோக நினைப்பவருக்குச் சாலைதான் வழி.

எதை வாங்குவது என்ற பேச்சு கோவையிலேயே பல மாலைகளைத் தின்றிருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் ஜெராக்ஸ் கடை, சலூன், பேக்கரி என்று எல்லா வாசலிலும் ஒரு சின்ன ஜென்செட் நின்று சத்தம் போட்டது. அந்த நினைவில் பலரும் ஜெனரேட்டர் என்றால் ஒரே வகை என்று எண்ணிவிடுகிறார்கள். அப்போது கடை வாசல்களில் நின்றவை பெரும்பாலும் பழைய பாணி எந்திரங்கள். பல்பு ஒன்று எரிந்தாலும் பத்து எரிந்தாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடியே ஆக வேண்டும். அப்போதுதான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுமை ஏறி இறங்கும்போது மின்னழுத்தமும் சற்று ஆடும். பல்புக்கும் மின்விசிறிக்கும் அதனால் பெரிய தொல்லை இல்லை. மடிக்கணினி, கேமரா சார்ஜர், மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு அது நல்லதல்ல.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வேறு மாதிரி. எஞ்சின் தரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்றின் மூலம் மறுபடியும் சீரான மாறுமின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அதனால் எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வருவது 50 ஹெர்ட்ஸ்தான். சுமை குறைந்தால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்ரோலும் மிச்சம், சத்தமும் குறைவு. கையில் தூக்கும் ஜெனரேட்டரை ஹோண்டா 1965-இல் ஈ300 என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று முகாம்களில் காணப்படும், மூடிய பெட்டிபோன்ற இன்வெர்ட்டர் வகை பரவியது 1990-களின் கடைசியிலிருந்துதான். விலை பழைய பாணி எந்திரத்தைப்போலப் பல மடங்கு. ஆனாலும் கூடாரத்துக்கு அதுவே தகும். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் தூங்க வேண்டும் என்ற ஒரு காரணமே போதும்.

பொறியாளர் முதலில் எழுதியது எந்திரத்தின் பெயரை அல்ல, சுமைப் பட்டியலை. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, 36 வாட். கைபேசி நான்கு, ஏறக்குறைய 80. மடிக்கணினி 65. கேமராவுக்கும் டிரோனுக்கும் சேர்த்து 100. பேட்டரிப் பெட்டி சார்ஜ் ஏற 500. கூட்டினால் 780 வாட் சொச்சம். கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் பட்டியலில் இல்லை. கெட்டில் ஒன்றே 1,500 வாட் இழுக்கும், அதற்கு கேஸ் அடுப்பு இருக்கிறது.

அந்தப் பேட்டரிப் பெட்டி ஆசிரியைக்காக. அவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொந்தரவு உண்டு. இரவில் சீபேப் கருவியின் முகமூடி இல்லாமல் படுக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. உயரத்துக்குப் போக அனுமதித்ததும் அந்த நிபந்தனையோடுதான். ஈரமூட்டியை அணைத்து வைத்தால் கருவி 40 வாட் அளவில்தான் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-மணி. இதற்காக இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிடுவது முட்டாள்தனம்: பெட்ரோல் வீண், பக்கத்துக் கூடாரத்தாருக்குத் தூக்கம் போகும், புகை அபாயம் வேறு. மாலையில் இரண்டு மணி நேரம் நல்ல சுமையோடு எந்திரத்தை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிவிட்டு, இரவில் அதிலிருந்து எடுத்துக்கொள்வதே முறை. எஞ்சினுக்கும் அதுதான் பிடிக்கும். முக்கால் சுமையில் ஓடும்போது ஒரு லிட்டருக்கு ஒரு யூனிட்டுக்குமேல் தரக்கூடிய எந்திரம், பத்தில் ஒரு பங்கு சுமையில் முனகிக்கொண்டிருந்தால் அதில் பாதிகூடத் தராது.

780 வாட்டுக்கு ஆயிரம் வாட் எந்திரம் போதுமே என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எடை 13 கிலோதான், ஆசைதான். கோவையிலேயே ஓட்டுவதாக இருந்தால் அவர் சொன்னது சரி.

மலை ஏறினால் கணக்கு மாறுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்குப் பெட்ரோலைப்போலவே காற்றும் தீனி. 300 மீட்டர் ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்றரை சதவீதம் ஆற்றல் குறையும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே அச்சிட்டிருக்கின்றன. சர்ச்சு சமவெளி 4,290 மீட்டர். வகுத்துப் பெருக்கிப் பார்த்தால் பாதி போய்விடுகிறது. ஆயிரம் வாட் என்று விற்கும் எந்திரத்தின் தொடர் திறன் 900. சர்ச்சுவில் அது 450. பட்டியலில் உள்ள பேட்டரிப் பெட்டிக்கே பற்றாது. ஆகவே 21 கிலோ எடையில், உச்சம் 2,200, தொடர் திறன் 1,800 வாட் என்ற அடுத்த அளவை எடுத்தார்கள். அதுவும் சர்ச்சுவில் 900 ஆகிவிடும். 780-க்கு மேல் கொஞ்சம் மிச்சம்; அவ்வளவுதான் தேவை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் உச்சத் திறன் என்பதையும், தொடர்ந்து தரும் திறன் உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும் என்பதையும் வாங்குகிறவர் மறக்கக் கூடாது.

தண்டியைத் தாண்டிக் கேலாங். அதற்கப்பால் பாகா ஆற்றங்கரையில் ஜிஸ்பா, சுமார் 3,200 மீட்டர். 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு மணாலியிலிருந்து ஒரே மூச்சில் சர்ச்சு வரை ஓட்டிவிடலாம். பலர் அப்படித்தான் செய்து, சர்ச்சுவில் இரவெல்லாம் வாந்தியும் தலைவலியுமாகக் கிடக்கிறார்கள். மணாலி 2,050 மீட்டர். ஒரே நாளில் அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் படுக்க உடம்பு ஒப்பாது. ஜிஸ்பாவில் தங்கிப் போவது நல்லது. எந்திரத்துக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

ஆற்றோரக் கற்களின் மேல் தார்ப்பாயை விரித்து, அண்ணன் மகன் ஜெனரேட்டரின் பக்க மூடியைக் கழற்றினார். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தை இறக்கியதும் அதில் தங்கியிருந்த பெட்ரோல் துணியில் வடிந்தது. நடுவே ஒரு பித்தளைத் திருகு, அரிசி மணியைவிடச் சற்றே பெரிது. நடுவில் ஊசித் துளை. தலையில் பொடி எழுத்தில் ஓர் எண். மெயின் ஜெட் என்பது அதுதான். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பதை அந்தத் துளையே முடிவு செய்கிறது. மேலே காற்று மெலிந்துபோனாலும் துளை மெலியாது. ஆகவே காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் உள்ளே போய், பாதி எரிந்தும் எரியாமலும் கரும்புகையாக வெளியே வரும். 1,500 மீட்டருக்குமேல் தொடர்ந்து ஓட்டுவதென்றால் துளை சிறிய ஜெட்டை மாட்டச் சொல்கிறது கையேடு. அதைக் கோவையிலேயே வரவழைத்து வைத்திருந்தார்கள். பழையதைக் கழற்றிப் புதியதை விரல் நுனியால் பிடித்து முதல் இரண்டு மரையைக் கையாலேயே ஏற்றினார். திருப்புளியை எடுத்த எடுப்பில் போட்டால் பித்தளை மரை அழிந்துவிடும். கால் மணி நேர வேலை.

ஜெட் மாற்றினால் போன ஆற்றல் திரும்பி வந்துவிடாது. காற்று இல்லாததை எந்தத் திருகும் ஈடு செய்யாது. புகையும் வீண் பெட்ரோலும் குறையும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்காது, அவ்வளவே. பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்புள்ள பெரிய ஜெனரேட்டர்களில் உயரத்துக்கு ஏற்பக் கலவை தானே சரியாகிவிடும். கையில் தூக்கும் அளவில் இன்றும் கார்புரேட்டர்தான் அதிகம்.

பாரலாச்சா கணவாய் 4,890 மீட்டர். அதைக் கடந்து இறங்கினால் சர்ச்சு. இமாச்சலமும் லடாக்கும் சந்திக்கும் அகன்ற வெளி. கோடையில் மட்டும் முளைத்துக் குளிர் தொடங்கியதும் மடிந்துவிடும் கூடார வரிசைகள். பிற்பகலில் கிளம்பும் காற்று தூசியை அள்ளிக்கொண்டு போகிறது.

அவர்கள் தங்கிய முகாமில் பழைய பாணி ஜெனரேட்டர் ஒன்று, தகரத் தடுப்புக்குப் பின்னால் இரவு ஏழு முதல் பத்து வரை ஓடும். முகாமைப் பார்த்துக்கொள்பவர் குலுக்காரர். இரண்டு வருடத்து எந்திரம், கீழே நன்றாக ஓடியது, இங்கே வந்த நாளிலிருந்து பல்பு மங்குகிறது, பெட்ரோல் குடிக்கிறது, வாரம் ஒரு பிளக் போகிறது என்று அவர் புலம்பினார். அண்ணன் மகன் பிளக்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். மின்முனையிலும் வெள்ளைப் பீங்கானிலும் கைபட்டால் ஒட்டும் கருமை, அடர்ந்து படிந்திருந்தது. தங்கள் எந்திரத்தின் பிளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்: பிஸ்கட் நிறம். எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடக்கூடிய பாகம் இது ஒன்றுதான். கருமை என்றால் பெட்ரோல் மிகுதி. பழுப்பு என்றால் சரி. வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடேறுகிறது.

குலுக்காரரின் எந்திரத்தில் இருந்தது கீழ்நாட்டு ஜெட். அதற்கான சிறிய ஜெட் இவர்களிடம் இல்லை, அளவு வேறு. அதன் எண்ணைப் பொறியாளர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிளக்கைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து மாட்டிக் கொடுத்தார்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு முழுக்கத் தூசி. மெலிந்த காற்றையும் வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சின் எதைச் சுவாசிக்கும்? சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, துளி ஆயில் தடவி மறுபடி வைக்க வேண்டும். வழக்கமாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை. இந்த மாதிரித் தூசியில் இரண்டொரு நாளுக்கு ஒரு முறை.

அன்று இரவு எல்லாவற்றையும்விடப் பொறியாளர் கண்டிப்பாக இருந்தது, எந்திரத்தை எங்கே வைப்பது என்பதில். கூடாரத்திலிருந்து இருபது அடிக்குக் குறையாமல், காற்று போகும் பக்கத்தில், புகைக்குழல் கூடாரத்துக்கு எதிர்த்திசையைப் பார்க்க வேண்டும். பனிக்குளிருக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கூடார முகப்பின் துணிக்குள் இழுத்து வைப்பவர்கள் உண்டு. மழை வந்தால் மேலே ஒரு தகரம் போதும். நாலு பக்கமும் மூடக் கூடாது. எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு நூறு பேரளவில் கையடக்க ஜெனரேட்டர் புகைக்குப் பலியாகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவருகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில், கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு எரிவாயு ஹீட்டரோடு படுத்த கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். அங்கே எரிந்தது ஹீட்டர்; ஆனால் மூடிய இடத்தில் எதை எரித்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

உயரமான இடத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது, ஒரு பயங்கரமான காரணத்தால். கார்பன் மோனாக்சைடு ஏறினால் முதலில் வருவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு. உயர நோயின் முதல் அறிகுறிகளும் அவையே. சர்ச்சுவில் ஒருவருக்குத் தலை வலித்தால் எல்லாரும் “உயரம், அப்படித்தான் இருக்கும், படுத்தால் சரியாகும்” என்கிறார்கள். படுப்பதோ புகை வந்துகொண்டிருக்கும் அதே கூடாரத்துக்குள். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த காற்று. போதாததற்கு, ஜெட் மாற்றாத எஞ்சின் அரைகுறையாக எரித்துக் கார்பன் மோனாக்சைடைக் கூடுதலாகத் தள்ளும். ஒரே கூடாரத்தில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா, வெளியே திறந்த வெளியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெளிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியென்றால் சந்தேகம் முதலில் எந்திரத்தின்மேல் போக வேண்டும். உள்ளங்கை அகலத்தில், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது. ஜெனரேட்டருக்குச் செலவழிக்கிற பணத்தில் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. ஆசிரியையின் தலைமாட்டில் அது தொங்கியது.

இரவு ஒன்பதுக்கு எந்திரத்தை நிறுத்தினார்கள். பேட்டரிப் பெட்டி போர்வை சுற்றிக் கூடாரத்துக்குள் வந்துவிட்டது. லித்தியம் பேட்டரிக்கு உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே நிரந்தரச் சேதம் வரும். அதனால்தான் வெயில் இறங்கி வெளிக்குளிர் உறைநிலையைத் தொடுமுன் சார்ஜை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

காலையில் வேறொரு பாடம். எந்திரம் கயிறு இழுத்தும் பிடிக்கவில்லை. புகைப்படக்காரர் தோள் வலிக்க இழுத்துப் பார்த்தார். ஆயில் அளவு குறைந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும் பாதுகாப்பு இந்த வகையில் உண்டு. தரை சரிவாக இருந்தாலும் அதே உணர்வுக்கருவி ஏமாந்துபோய் ஸ்டார்ட் ஆகவிடாது. எந்திரத்தைச் சமதரைக்கு நகர்த்தி, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார்கள். அளவு சரி. மறுபடி சோக் இழுத்து ஒரு இழு, பிடித்துக்கொண்டது. இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஆயில் அரை லிட்டர்கூடப் பிடிக்காது. அதனால்தான் அது சீக்கிரம் கெடுகிறது. புது எந்திரத்துக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்ற வேண்டும், பிறகு 100 மணிக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சமவெளியில் 10டபிள்யூ-30 போதும். உறைபனி இரவுகளுக்கு 5டபிள்யூ-30 இருந்தால் காலையில் கயிறு இலகுவாக வரும்.

சர்ச்சுவுக்கு மேலே காட்டா வளைவுகள், 21 கொண்டை ஊசிகள். நக்கீ கணவாய், லாச்சுலுங் கணவாய், பிறகு பாங். பாங்கின் தாபாக்கள் பெரும்பாலும் பாராசூட் துணிக் கூரைகள். அவற்றின்மேல் சாய்ந்திருக்கும் சூரியத் தகடுகளைப் பார்த்துப் பொறியாளர் நெடுநேரம் நின்றார். தூய வெயில், குளிர்ந்த காற்று. சூரியத் தகட்டுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை, தகடு குளிர்ந்திருந்தால் அதே வெயிலில் கூடுதலாகவே கொடுக்கும். ஒரு தகடு, ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, நான்கு கைபேசி: தாபாக்காரருக்குத் தேவை அதற்குமேல் இல்லை. இந்த அளவு தேவையோடு வருகிற பயணி ஜெனரேட்டரைச் சுமந்து வருவதில் அர்த்தமே இல்லை. மேகமூட்டத்திலும் கட்டாயம் ஓட வேண்டிய மருத்துவக் கருவி, தினமும் பல பேட்டரிகளை நிரப்ப வேண்டிய தொழில், பெரிய குழு: இப்படி ஏதாவது இருந்தால்தான் 21 கிலோவைத் தூக்குவது நியாயம்.

பாங்கைத் தாண்டி மோரே சமவெளியில் பிரிந்து, ட்சோ கார் உப்பேரியைக் கடந்து, மாஹே, நியோமா, லோமா வழியாக ஹான்லே போனார்கள். உரிய அனுமதிச் சீட்டு வேண்டிய பகுதி. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்தும் வானாய்வகம் அங்கே 4,500 மீட்டர் உயரக் குன்றின்மேல் இருக்கிறது. அதன் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி 2000 முதல் வானைப் பார்த்துவருகிறது. அந்த நிறுவனத்தின் வேர் 18-ஆம் நூற்றாண்டுச் சென்னை வானாய்வகத்திலும், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் இருக்கிறது என்பது கோவைக்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி. 2022-இல் ஹான்லேயைச் சுற்றி 22 கிலோமீட்டர் ஆரப் பகுதி நாட்டின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வண்டியின் முகப்பு விளக்கைப் பிரகாசமாகப் போடக் கூடாது, வீடுகளுக்கு வெளியே விளக்கு கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்று ஊரே ஒத்துழைக்கிறது. கிராமத்தவர் பலர் பயிற்சி பெற்றுத் தொலைநோக்கி வைத்து வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள்.

இங்கே ஜெனரேட்டரை இருட்டிய பிறகு ஓட்டவே இல்லை. பிற்பகலில், ஊரிலிருந்து தள்ளி, பேட்டரி நிறையும்வரை மட்டும். வெள்ளைப் பல்புகளும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. நெற்றியில் கட்டும் சிவப்பு விளக்கு போதுமானதாக இருந்தது. இந்தக் கட்டுப்பாடு எல்லா முகாமுக்கும் வந்தால் நல்லது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜென்செட்களின் ஒலித்திறன் 86 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இந்திய விதி 2003 முதல் இருக்கிறது. விதிக்கு உட்பட்ட எந்திரம்கூட, நாய் குரைத்தால் ஒரு மைலுக்குக் கேட்கும் ஹான்லே இரவில் பெரிய தொல்லைதான்.

லேயில் இறங்கியதும் முதல் வேலை டேங்க்கை வடிப்பது. திரும்பும் வழியில் ஓட்டப்போவதில்லை என்றாலும் பெட்ரோலை அதில் விட்டுவைக்கக் கூடாது. நாட்டின் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சின்ன எஞ்சின்களின் கையேடுகள் பலவும் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், ரப்பர்க் குழாய் இறுகும், பெட்ரோல் பிசினாகி அந்த ஊசித் துளையை அடைக்கும். பழுது என்று பட்டறைக்கு வரும் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பங்கு இந்த ஒரு காரணத்தால் வருபவைதான் என்கிறார் அண்ணன் மகன். டேங்க்கை வடித்து, எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் காலியாகித் தானே நிற்கும்வரை விட வேண்டும். வீட்டில் நிறுத்தி வைக்கும்போது புகைக்குழல் வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும், நம் ஊரில் குளவி கூடு கட்டிவிடும். மாதம் ஒரு முறை கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒரு மின்விசிறியையாவது மாட்டிச் சுமையோடு ஓட்டி, மறுபடி வடித்து வைக்க வேண்டும்.

லே கடைத்தெருவில் பைக் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில், குறிப்பேட்டில் இருந்த எண்ணைக் காட்டிக் கேட்டார்கள். அந்த மாதிரிக்கு உரிய சிறிய ஜெட் இருந்தது.

திரும்பும்போது சர்ச்சுவில் குலுக்காரர் முகாமில் மதியச் சாப்பாடு. சோறும் ராஜ்மாவும் ஆறுவதற்குள் அண்ணன் மகன் அந்த ஜெட்டை மாட்டி முடித்தார். கயிறு இழுத்ததும் முதலில் ஒரு கருப்புக் குமிழ். பிறகு புகை தெளிந்தது. பல்பு பழையபடிதான் எரிந்தது, அதற்குமேல் அந்த உயரத்தில் கிடைக்காது என்று அவரிடம் விளக்கினார்கள். பெட்ரோல் மிச்சமாகும், பிளக் நிற்கும். அக்டோபரில் எந்திரத்தைக் குலுவுக்கு இறக்கும்போது மறக்காமல் பழைய ஜெட்டை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடர்ந்த காற்றில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடேறி வால்வு எரிந்துவிடும். கழற்றிய ஜெட்டை மருந்துச் சீட்டு உறையில் போட்டு, எந்திரத்தின் கைப்பிடியிலேயே கம்பியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார் அண்ணன் மகன். குலுக்காரர் அந்த உறையின்மேல் இந்தியில் “அக்டோபர்” என்று எழுதிவைத்தார்.